அகில அண்டக் கவிஞர் பேராயத்துக்குக் கிடைத்த ஒரே வாசகர்

என் அக்காவின் கவிதையைப் படித்துவிட்டு நடுவர் குழு மொத்தமும் அழுததாகப் போன் வந்தது. அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அழுதாங்களாம்டா!"

"எந்த வரியில அழுதாங்கன்னு கேளு."

கேட்டாள். எல்லா வரியிலும் என்று பதில் வந்தது. ஒருவர் தலைப்பிலேயே தொடங்கிவிட்டாராம்.

எனக்கு அப்போதே சந்தேகம். நான் வேலை பார்த்ததெல்லாம் ஒரு நூல் ஆலையின் வாசலில். ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் வேலை. ஒருத்தன் சிரித்துக்கொண்டே வந்தால் பையைத் திற என்பேன். அழுதுகொண்டே வந்தால் சாப்பாட்டு டப்பாவையும் திற என்பேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இன்றைக்கும் வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படித்தால் விடாமல் படிப்பேன். பாதியில் விட்டால் எங்கே விட்டோம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அக்கா தையல்காரி. அத்தான் போன பிறகு அவளும், என் வீட்டுக்காரி போன பிறகு நானும், ஒரே வீட்டில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு இருக்கிறோம். முன்னறையில் அவள் மிஷின். பின்னறையில் என் கட்டில். மிஷின் சத்தம் நின்றால் ஒன்று நூல் அறுந்திருக்கும், இல்லையென்றால் அக்கா கவிதை எழுதிக்கொண்டிருப்பாள். துணி வெட்ட அளவெடுக்கும் பழுப்புக் காகிதம் இருக்கிறதே, அதன் ஓரத்தில் எழுதுவாள். நடுவர் குழுவை அழவைத்த கவிதை இப்படித் தொடங்கும்:

காலர் நைந்தால்
பிரித்துத் திருப்பித் தைத்துவிடலாம்.
இன்னும் சில வருடம் உழைக்கும்.
போட்டுக்கொள்ள ஆள் வேண்டும்.

அதோடு விட்டாளா? அதற்குக் கீழே 'ஓ பிரபஞ்சப் பெருவெளியே' என்று ஆரம்பித்து, விண்மீன், வேள்வி, ஊழி, உதிரம் என்று முழ நீளத்துக்குப் போகும். எனக்குப் படித்துக் காட்டினாள்.

"சட்டை புரியுது. பிரபஞ்சம் வந்ததும் பசிக்குது" என்றேன்.

அளவு நாடாவைச் சுருட்டி என் மேல் எறிந்தாள். "பை பாக்கறவன்கிட்டப் போய்ப் படிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

போன் செய்தது அகில அண்டக் கவிஞர் பேராயம். அக்காவுக்குக் 'கவிச்சிகரம்' பட்டம். அவள் கவிதை ஒரு பெருந்தொகுப்பில் வரும். விழா மண்டபத்தில் மேடையேறி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் அலுவலகத்துக்கு ஒருமுறை வந்து சில சம்பிரதாயங்களை முடிக்க வேண்டும்.

"சம்பிரதாயம்னா காசு" என்றேன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். பொறந்தப்பவே நர்ஸைச் சந்தேகமாப் பாத்தவன் நீ."

சம்பிரதாயத்தைப் பார்க்க நானும் கூடப் போனேன்.

கீழே ஓர் அச்சகம். மேலே பேராயம். அச்சகத்தில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசல் முழுக்கக் காகிதக் கட்டுகள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துணி துவைக்கும் மெஷினின் படம். யாரோ கம்பெனிக்காரன் மெஷினோடு கொடுக்கும் விளக்கப் புத்தகம் அடிக்கக் கொடுத்திருக்கிறான் போல. அந்தக் கட்டுகளைத் தாண்டி, மாடிப்படியேறி, கண்ணாடிக் கதவைத் தள்ளினால் குளிர்ச்சியாக ஓர் அறை. சுவர் முழுக்கச் சான்றிதழ். எல்லாவற்றிலும் பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

பேராயத்தின் பொதுச் செயலாளர் எழுந்து நின்று அக்காவைக் கும்பிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. வாய் மூடும்போதும் புன்னகை மூடவில்லை.

"வாங்கம்மா, வாங்க! உங்க கவிதைய நினைச்சா இப்பக்கூடத் தொண்டை அடைக்குது."

"சட்டையப் பத்தின கவிதைங்களா?" என்று நான் கேட்டேன்.

"அதேதான். சட்டை! என்ன ஒரு சட்டை!"

அக்கா என்னை முழங்கையால் இடித்தாள்.

"இதுல கட்டணம் எவ்வளவுங்க?"

"ஐயா, தப்பா நினைச்சுட்டீங்க. கவிதைக்குக் கட்டணமா? சரஸ்வதிய விக்கிறதா? பேராயத்துல கட்டணங்கிற சொல்லே கிடையாது" என்றவர் ஓர் அட்டையை நகர்த்தினார். அதில் கட்டணம் என்ற சொல் கிடையாதுதான். சேர்க்கைக் கொடை, பக்கக் கொடை, படக் கொடை, மேடைக் கொடை என்று இருந்தது. கடைசியில் 'கண்ணீர்க் கொடை'.

"இது என்னங்க?"

"நடுவர்கள் அழுதாங்க இல்லையா? அவங்க உடம்பையும் பாக்கணுமே."

விரலை அட்டையில் வைத்து முழுவதும் படித்து முடித்தேன். பிறகு கேட்டேன். "வர்ற கவிதையில வேண்டாம்னு எதையாச்சும் திருப்பி அனுப்பியிருக்கீங்களா?"

அவர் முகம் வாடிவிட்டது. காதைப் பொத்திக்கொள்வார் என்றே நினைத்தேன்.

"ஐயா, நிராகரிப்புங்கிறது வன்முறை. நாங்க அகிம்சைவாதிங்க."

"அப்ப நடுவர் குழு என்னதான் பண்ணுது?"

"வாழ்த்துது."

"ஒருத்தர் வெத்துத் தாள் அனுப்பினா?"

"போன வருஷம் ஒருத்தர் அனுப்பினார். தவறுதலா, கொடைய மட்டும் வச்சு அனுப்பிட்டார். மௌனக் கவிதைப் பிரிவுல அவருக்குத்தான் தங்கம்."

அக்கா அதைக் கேட்டு மரியாதையோடு தலையாட்டினாள். செயலாளர் அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டார். மேசைக்குள்ளிருந்து வழவழப்பான இன்னொரு தாளை எடுத்தார்.

"அம்மா, தொகுப்பு எல்லாருக்கும். தனி நூல் தகுதியுள்ளவங்களுக்கு மட்டும். நடுவர் குழு சொல்லிருச்சு, இந்தம்மாவுக்குத் தனி நூல் வராட்டி மொழி தாங்காதுன்னு. உங்க பேர், உங்க படம், கெட்டி அட்டை. விழாவுல அறிவிச்சிடலாம். மறுநாள் நூல் கொடைய மட்டும்…"

அக்கா அந்தத் தாளைத் தொட்டு, விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணி வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பாள். எதையாவது அப்படித் தொட்டுவிட்டால் பிறகு யார் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மெத்தைக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். மிஷினை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். விழாவுக்கு மறுநாள் காலையில் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. "மிஷின வித்துட்டு எதை வச்சுச் சாப்பிடுவ?"

"புத்தகம் விக்கும்டா."

"யாரு வாங்குவா?"

"வாசகர்கள்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"வெளிய வந்து பாரு. உன் ஆலை வாசலோட உலகம் முடிஞ்சுபோச்சா?"

"சரி, விழாவுக்கு நானும் வரேன். அந்த வாசகர்ல ஒருத்தர என் கண்ணால பாக்கறேன். பாத்துட்டா மிஷின நானே தூக்கி வண்டியில வைக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அக்கா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இனி என் வேலை சுலபம். மண்டபத்தில் ஒரு வாசகரைத் தேட வேண்டும். கிடைக்கக் கூடாது.

விழா மண்டபத்து வாசலில் ஒரு மேசை. மேசை நிறையச் சிவப்பு ரிப்பன்கள், மார்பில் குறுக்கே போட்டுக்கொள்வதற்கு. எல்லாவற்றிலும் தங்க எழுத்தில் 'கவிச்சிகரம்'. உள்ளே எட்டிப் பார்த்தால் நாற்காலிக்கு நாற்காலி சிகரம். பள்ளம் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

"கவிஞருங்களா?" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"இல்லம்மா."

"வளரும் கவிஞர்?"

"இந்த வயசுலயா?"

"மறைந்திருக்கும் கவிஞர்?"

"இல்லம்மா. உள்ள படிக்கிறதக் கேக்கலாம்னு வந்தேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெயரட்டைகள் இருந்த டப்பாவைத் துழாவினாள். கேட்க வருபவருக்கு என்று அட்டை இல்லை. பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள். "கேக்க வந்திருக்காராம்."

"எதுக்கு?"

"தெரியல. நல்லாத்தான் இருக்கார் பாக்க."

அதை ஒரு பல்டாக்டர் கேட்டுவிட்டார். பல்டாக்டர் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒரு தடித்த கை என் தோளைப் பிடித்ததுதான். "நீங்க எழுதமாட்டீங்களா? சத்தியமா? ஒரு வரிகூட?" என்றார். இல்லை என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என்னை அப்படியே மாடிப்படிக்கு அடியில் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐயா, உக்காருங்க. வாயத் திறக்க வேண்டாம். காதைத் திறந்தாப் போதும்."

'கடைவாய்ப் பல்லின் கண்ணீர்' என்று நீளமாக ஒன்று. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது. அவர் முடிப்பதற்குள் பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. ஒரு நிலத் தரகர், வரி வசூலித்து ஓய்வு பெற்றவர், இரட்டைச் சகோதரிகள் என்று படிக்கட்டு முழுக்கச் சிவப்பு ரிப்பன். என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் போனது. நான் கழிப்பறைக்கு ஓடினேன். நிலத் தரகர் கதவுக்கு வெளியே நின்று, குரலை உயர்த்தி, முழுவதையும் படித்து முடித்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்றார் கதவு வழியாக.

"தண்ணி வரல" என்றேன்.

"ஆகா! ஒரே வரியில விமர்சனம்!" என்று வெளியே கைதட்டினார்கள்.

விஷயம் பொதுச் செயலாளரின் காதுக்குப் போனது. அவர் வந்து பார்த்தார். வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வரிசையைப் பார்த்தார். புன்னகை அகலமானது. கொஞ்ச நேரத்தில் மண்டபத்தின் ஓரத்தில் எனக்கு ஒரு சோபா, ஒரு மின்விசிறி, டீ, பிஸ்கட். தலைக்கு மேல் 'வாசகர்' என்று ஒரு பலகை. வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டு. சீட்டுக்குப் பெயர் செவிக்கொடை.

"ஐயா, தலையை மட்டும் அப்பப்ப ஆட்டுங்க. 'ஆகா'ன்னா தனிச் சீட்டு, அதனால சும்மா சொல்லிடாதீங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தூரத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் போட்டு, தலை வாரி, சின்னப் பெண் மாதிரி இருந்தாள். என் பலகையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு விரலைக் காட்டிச் சைகை செய்தாள்: பார்த்தியா, வாசகர்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியத்தில் நானே மாட்டிக்கொண்டேன். மண்டபத்தில் ஒரு வாசகரைப் பார்த்தால் மிஷினைத் தூக்கி வைக்கிறேன் என்று சொன்னவன் நான். இப்போது அந்த ஒரு வாசகர் சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்.

டீ இடைவேளை விட்டார்கள். வரிசை கலைந்தது. வாசலில் ரிப்பனோடு ஆளுக்கொரு தொகுப்பும் கொடுத்திருந்தார்கள்; கைக்கு வேலை வேண்டுமே என்று அக்காவுடையதை வாங்கிவந்து மடியில் வைத்தேன். செங்கல் கனம். முதலில் பேராயத் தலைவரின் படம், பிறகு தலைவரின் முன்னுரை, பிறகு தலைவரின் இன்னொரு படம். அதற்குப் பிறகு அக்காவின் பக்கம். காலர், பிரபஞ்சம், எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்தேன்.

துவங்கும் முன்
சட்டைப் பைகளைச் சோதிக்கவும்.
வெள்ளையை வண்ணத்தோடு சேர்க்காதே.
நடுங்கினால்
சமதரையில் நிறுத்தவும்.
கதவு தானாகத் திறக்கும் வரை
பொறுத்திருக்கவும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. 'சட்டைப் பைகளைச் சோதிக்கவும்.' இவன் எந்த ஆலை வாசலில் நின்றவனோ! நடுங்கினால் சமதரையில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு இத்தனை வயதில் ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த கவிதை, வடிகால் குழாயைப் பற்றி. அதற்கடுத்த பக்கத்தில் ஒரு படம். ப்ளக்கைப் பிடித்திருக்கும் ஒரு கை, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி.

அச்சக வாசலில் கிடந்த கட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன.

பல்டாக்டரைக் கூப்பிட்டு அவர் புத்தகத்தைக் கேட்டேன். தலைவர் படம், முன்னுரை, படம், கடைவாய்ப் பல், பிறகு கடைசி அட்டை வரை துணி துவைக்கும் மெஷின். அதில் அக்கா இல்லை. அக்காவுடையதில் பல்டாக்டர் இல்லை. ஒவ்வொருவர் புத்தகத்திலும் அவரவர் பக்கம் ஒன்று. மீதி, அச்சகத்தில் மிஞ்சிய தாள்.

"டாக்டரே, மத்தப் பக்கமெல்லாம் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு?" என்றார்.

உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. காட்டினேன். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஓ" என்றார். பிறகு தன் பக்கத்தைத் திருப்பி ஒரு தடவை சரிபார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"என்னுது சரியா இருக்கு" என்றார்.

மணி அடித்தது. பேராயத் தலைவர் மேடையேறினார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய ரிப்பன். மைக்கை அன்போடு தடவிக்கொடுத்தார்.

"சிகரங்களே! நம் பேராயம் தோன்றிய நாளில் இந்த மொழி எந்த நிலையில் இருந்தது? எங்கு பார்த்தாலும் வாசகர்கள்! பேருந்தில் வாசகர், பூங்காவில் வாசகர், நூலகத்தில் வாசகர். கவிஞனோ ஆயிரத்தில் ஒருவன். வாசகன் என்பவன் யார்? சோம்பலால் கவிஞனாகாமல் நின்றுவிட்டவன். அவனைக் கைதூக்கிவிட உறுதி பூண்டோம். வீடு வீடாகச் சென்றோம். பட்டம் தந்தோம், படம் தந்தோம். இன்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன், இந்த மண்டபத்தில் வாசகர் என்று ஒருவர்கூட இல்லாத நிலையை எட்டியிருக்கிறோம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"இல்லை, ஒருவர் இருக்கிறார். தப்பிப் பிழைத்த அந்தக் கடைசி வாசகரையும் இன்று நம் தொண்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் எழுதிய முன்னுரையை நானே படித்ததில்லை. அவர் படித்ததாகச் சொல்கிறார்கள். அவரை மேடைக்கு அழைக்கிறேன்!"

இரண்டு பேர் என்னைத் தூக்காத குறையாக மேடையில் ஏற்றினார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. புத்தகத்தை மைக்குக்கு முன்னால் பிரித்து வைத்துக்கொண்டேன்.

"எனக்குப் படிப்பு கம்மிங்க. ஆனா இதுல ஒண்ணு ரொம்பப் பிடிச்சுது. படிக்கறேன்."

விரலை வைத்துப் படித்தேன். சட்டைப் பை, வெள்ளை, வண்ணம், நடுக்கம், கதவு. நான் மெதுவாகப் படிப்பதை அவர்கள் உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். 'பொறுத்திருக்கவும்' என்று முடித்தேன். பிறகு கைதட்டல். இரட்டைச் சகோதரிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள்.

"இத யாரு எழுதினீங்கன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவேன்" என்றேன்.

பொதுச் செயலாளரின் புன்னகை முதன்முதலாக ஒரு பக்கம் சரிந்தது. அப்போது கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. பல்டாக்டர்!

"அடக்கமா இருக்கலாம்னு பாத்தேன்…" என்று எழுந்தார்.

"யோவ், உனக்குப் பல்லு, அத்தோட நில்லு! அது நான் எழுதினது!" என்று நிலத் தரகர் எழுந்தார். "சமதரைன்னு வருதுல்ல? சமதரையப் பத்தி எனக்குத் தெரியாததா?"

"சோதிக்கவும்னு வருதே, அது யாரு வேலை?" என்றார் வரி வசூலித்தவர்.

நாற்காலிகள் நகர்ந்தன. ரிப்பனைப் பிடித்து ரிப்பன் இழுத்தது. தலைவர் கையை உயர்த்தினார். "அமைதி! அமைதி! இதற்கு மேல் மறைக்க விரும்பவில்லை. அது என் இளமைக் காலப் படைப்பு. அந்தக் கதவு சாதாரணக் கதவு அல்ல. அது மரணம்."

அந்த நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். என் அக்கா. கையில் பக்கத்து நாற்காலிக்காரியின் தொகுப்பு. மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிவிட்டு, தன்னுடையதல்லாத ஒரு பக்கத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரித்திருக்கிறாள்.

"தலைவரே, அடுத்த பக்கமும் உங்களுதா? 'வடிகால் குழாயை மாதம் ஒரு முறை கழுவவும்'?"

"என்னுடையதேதான் அம்மா. அது என் கண்ணீர்க் குழாய்."

"'ஈரக் கையால் பொத்தானைத் தொடாதே'?"

"நிறைவேறாத காதல்."

"'இரண்டு வருட உத்தரவாதம். ரப்பர் வளையத்துக்குப் பொருந்தாது'?"

தலைவர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டார். "மனித வாழ்க்கை, அம்மா. மனித வாழ்க்கை."

அக்கா சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயால். பிறகு அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ரப்பர் வளையம்டா! ரப்பர் வளையம்!" என்று மேடையில் நிற்கும் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பேராயம் கவிழ்ந்ததா என்று கேட்பீர்கள். அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பொதுச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். 'சலவைக் கவிதை இயக்கம்' அந்த நொடியிலேயே பிறந்துவிட்டதாக அறிவித்தார். எழுதியவர் யார் என்ற சண்டை வேண்டாம், கவிதை மக்களுடையது, இயக்கக் கொடை செலுத்துகிற எல்லோரும் அதை எழுதியவர்கள்தான் என்றார். வரிசை வாசல் மேசை வரைக்கும் நின்றது. பல்டாக்டர்தான் முதல் ஆள்.

அக்கா ரிப்பனைக் கழற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். "தையலக்கூட ஒழுங்காப் போடல, பாரு. பிரிஞ்சு வருது."

மறுநாள் காலை மெத்தைக் கடைக்காரர் வண்டியோடு வந்து நின்றார். நான் வாசலுக்குப் போகவில்லை. சத்தியம் செய்தவன் நான்தானே. அக்காவே போனாள்.

"மிஷினக் குடுக்கல. போயிட்டு வாங்க."

"என்னம்மா, வண்டி பேசிட்டு வந்திருக்கேன்."

"வந்தது வந்தீங்க, மெத்தை உறை எதுனா தைக்கணும்னா போட்டுட்டுப் போங்க."

ஒரு கட்டு போட்டுவிட்டுப் போனார்.

அதோடு விட்டாள் என்றுதான் நினைத்தேன். நாலைந்து நாள் கழித்து, பழுப்புக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நூலகத்தில் ஒரு சின்னப் பத்திரிகையைப் பார்த்தாளாம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திருப்பிப் பார்த்தாளாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் இருந்ததாம்.

"நீயும் வா. பையத் திறந்து பாக்கறவன் கூட இருந்தா நல்லது" என்றாள்.

நகல் எடுக்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறை. சான்றிதழ் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஒரு பெண்மணி, கட்டை முடி, வாயில் பென்சில். அவர்தான் ஆசிரியர். நிமிர்ந்து புன்னகைக்கக்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"எவ்வளவு குடுக்கணும்?" என்றாள் அக்கா, நின்றபடியே.

"எதுக்கும்மா?"

"போடறதுக்கு."

"போட்டா ஒரு பிரதி அனுப்புவேன். குடுக்கிறதுக்கு என்கிட்டக் காசு இல்ல. வாங்கறதும் இல்ல. முதல்ல காட்டுங்க, படிக்கறேன்."

படித்தார். எங்கள் முன்னாலேயே, மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு மேலே போய் முதல் நாலு வரியை இன்னொரு தடவை படித்தார். என் கண் அவர் கண் மேலேயே இருந்தது.

"வேண்டாம்மா" என்று காகிதத்தை நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை. "அழுகை வரலையா?" என்றாள்.

"பிரபஞ்சம் வந்ததும் கொட்டாவிதான் வந்துச்சு. முதல் நாலு வரிய எழுதினவங்க வேற, மீதிய எழுதினவங்க வேறயா?"

"நான்தான் எழுதினேன் எல்லாத்தையும்."

"அப்ப மீதிய யாருக்காக எழுதினீங்க?"

அக்கா காகிதத்தை வாங்கி மடித்தாள். நான் அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இப்போது அழப்போகிறாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் நடைபாதை நடுவில் நின்று என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"வேண்டாம்னுட்டாங்கடா!"

"சரி விடு, அவங்களுக்கு என்ன…"

"டேய் மடையா, படிச்சிட்டு வேண்டாம்னாங்கடா! கடைசி வரைக்கும் படிச்சாங்க, பாத்த இல்ல? முதல் நாலு வரிய ரெண்டு தடவ படிச்சாங்க!"

வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ பெரிய பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வீடு வரை பேசிக்கொண்டே வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. பழுப்புக் காகிதத்தை மேசையில் விரித்து, பெரிய கத்தரிக்கோலை எடுத்து, பிரபஞ்சத்தை ஓரம் பார்த்து நேராக வெட்டினாள். அது தரையில் விழுந்து தானே சுருண்டுகொண்டது.

அப்போது போன் அடித்தது. பேராயம். எனக்கு 'வாசகத் திலகம்' பட்டம் தருவதாக முடிவாகியிருக்கிறதாம். ஏற்புக் கொடை மட்டும்தானாம்.

"நடுவர் குழு அழுதுச்சா?" என்றேன்.

"தேம்பித் தேம்பி, ஐயா."

"நடுங்கினா சமதரையில நிறுத்துங்க" என்று வைத்துவிட்டேன்.

அக்கா மிச்சமிருந்த துண்டை என்னிடம் நீட்டினாள். நாலே வரி. கையில் ஒரு காலர் அளவுதான் இருந்தது. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, கடைசி வரை படித்தேன். அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து, கால் மிதியில் இருக்க, மிதிக்காமல் காத்திருந்தாள்.

"எப்படிடா?"

"அழுகையெல்லாம் வரல."

"அது தெரியும், சொல்லு."

"இரு. பேசாத" என்றேன். "இன்னொரு தடவ படிக்கறேன்."